கையால் இழுத்த தேர்: தமிழ்ச் சித்திரக்கதை நினைவேக்கம் குறித்த ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

சிறுவயதில் படித்த சித்திரக்கதைகளையும் விளையாடிய பொருள்களையும் குறித்த ஏக்கம் இன்று தமிழ் வாசிப்புச் சூழலில் ஒரு பண்பாட்டு ஆற்றலாக வளர்ந்துள்ளது. முத்து, லயன் காமிக்ஸ் இதழ்களைச் சான்றாகக் கொண்டு, அவ்வேக்கத்தைச் சங்கப் பாடல்கள் மூன்றோடு ஒப்பிட்டு, அது எதனைக் காத்துள்ளது, யாரை விலக்கியுள்ளது என இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

திறவுச்சொற்கள்: நினைவேக்கம், சித்திரக்கதை, சங்க இலக்கியம், சிறார் இலக்கியம், சிவகாசி

முன்னுரை

கழிந்த இளமையை எண்ணி இரங்குதல் தமிழுக்குப் புதிதன்று. அவ்விரக்கம் பற்றி நிற்கும் பொருள்களே காலந்தோறும் மாறுகின்றன. பம்பரம், சொப்புச் சாமான், தீப்பெட்டிப் படம், வாடகைக்கு எடுத்துப் படித்த சித்திரக்கதை ஆகியன இன்றைய நடுவயதினரின் பேச்சிலும் எழுத்திலும் இடையறாது இடம்பெறுகின்றன. இவற்றுள் சித்திரக்கதை தனித்து நோக்கத்தக்கது. ஏனையவை பெரும்பாலும் நினைவாகவே நிற்க, சித்திரக்கதை மீண்டும் அச்சேறி விலைக்குக் கிடைக்கிறது. இழந்ததை விலை கொடுத்து மீட்கலாம் என்னும் நிலை ஏக்கத்தின் இயல்பை எவ்வாறு மாற்றுகிறது என்பதே இங்கு எழும் வினா.

பொருளும் பருவமும்: மூன்று சங்கப் பாடல்கள்

புறநானூற்றின் 243ஆம் பாடலைப் பாடியவர் தொடித்தலை விழுத்தண்டினார். மணலில் பாவை செய்து பூச்சூட்டியதும், மகளிரோடு கைகோத்துக் குளத்தில் ஆடியதும், மருதமரக் கிளையிலிருந்து ஆழ்நீரில் குதித்து அடிமணலை அள்ளி வந்ததும் அதில் முதியவர் ஒருவரின் நினைவில் எழுகின்றன. கோல் ஊன்றி, இருமலுக்கிடையே சில சொற்களே பேசும் அவர், அந்த இளமை எங்குற்றது என்று இரங்குகிறார். மணற்பாவை எங்கே என்று அவர் கேட்கவில்லை. நீருள் மூழ்கிய உடல் எங்கே என்றே கேட்கிறார். இப்பாடலுக்கு வகுக்கப்பட்ட துறை கையறுநிலை. புரவலன் மாய்ந்தவிடத்துப் பாடுதற்குரிய துறை இங்குத் தன் இளமைக்கு ஆயிற்று. இறந்துபட்ட ஒன்றாகவே இளமை இங்குக் கொள்ளப்படுகிறது. ஆகவே அதை மீட்கும் முயற்சிக்கே இடமில்லை.

குறுந்தொகையின் 61ஆம் பாடலில் தோழி ஓர் உவமை கூறுகிறாள். தச்சன் செய்த சிறுதேரில் சிறுவர்கள் ஏறிச் செல்ல இயலாது. ஆயினும் கையால் இழுத்து மகிழ்வர். தலைவனோடு கூடி இன்புறாவிடினும் அவனது நட்பே தலைவிக்குப் போதிய இன்பம் என்பது கருத்து. விளையாட்டுப் பொருள் தரும் மகிழ்ச்சியின் நுட்பம் இதில் வெளிப்படுகிறது. உண்மைத் தேரின் பயனைத் தாராமலே சிறுதேர் நிறைவு தருகிறது.

நற்றிணையின் 172ஆம் பாடல் வேறொரு திசையில் செல்கிறது. தலைவியும் ஆயமும் மணலில் அழுத்தி விளையாடி மறந்துபோன புன்னைவிதை முளைக்கிறது. நெய்யும் பாலும் பெய்து அதை வளர்க்கிறார்கள். அது உங்கள் தங்கை என்கிறாள் அன்னை. அம்மரத்தின் நிழலில் தலைவனோடு நகையாட நாணம் ஏற்படுகிறது. சிறுமியரின் விளையாட்டுப் பொருள் இங்கே வளர்ந்து, நிகழ்காலத்தின் மீது உரிமை கோரும் உறவாகிவிட்டது.

மீளாத இளமைக்கு இரங்கல், பயன் கருதாத மகிழ்ச்சி, வளர்ந்து உறவாதல் என இவற்றை மூன்று நிலைகளாகக் கொள்ளலாம். சித்திரக்கதை நினைவேக்கம் இவற்றுள் எதனைச் சார்ந்தது எனக் காண்பது பயன்தரும்.

மீண்டும் அச்சேறிய பால்யம்

சிவகாசியிலிருந்து 1972இல் வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. மின்சாரம் பாய்ந்ததும் இரும்புக்கை தவிர உடல் முழுதும் மறையும் இந்நாயகன், 1962இல் வேலியண்ட் என்னும் பிரித்தானிய வார இதழில் தோன்றியவன். அவனை வரைந்தவர் ஸ்பானிய ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. 1984இல் லயன் காமிக்ஸ் தொடங்கியது. பிறநாட்டுக் கதைகளாயினும் தமிழ்ச் சிறுவர்கள் இவற்றைத் தம்முடையனவாகவே படித்தனர். அயல்நாட்டுப் படச் சட்டங்களுக்குள் தமிழ்ப் பேச்சின் விரைவையும் நகைச்சுவையையும் புகுத்திய மொழிபெயர்ப்பு அதற்கு ஒரு முக்கியக் காரணம். நினைவேக்க எழுத்துகள் நாயகர்களை வியந்த அளவுக்கு இம்மொழிநடையை ஆராயவில்லை.

2012 ஜனவரியில் லயன் காமிக்ஸ் சிறப்பிதழ் ஒன்றுடன் புத்துயிர் பெற்றது. கையடக்கமான கறுப்பு வெள்ளை இதழ்களின் இடத்தைப் பெரிய அளவும் வண்ணமும் தரமான தாளும் பெற்றன. சந்தா முறை உறுதிப்பட்டது. பழைய நாயகர்களின் மறுபதிப்புகளோடு, பெருநிறுவன உலகைக் களமாகக் கொண்ட லார்கோ வின்ச் போன்ற வளர்ந்தோருக்குரிய தொடர்களும் வெளிவந்தன. சிறாருக்கான கதைகள் இடையிடையே வந்தபோதிலும், பதிப்பைத் தாங்கி நிற்பவர் ஒருகாலத்தில் சிறுவராயிருந்து அதைப் படித்த பெரியவரே ஆவார்.

இம்மாற்றத்தைப் பதிப்பகத்தின் குறையாகக் கொள்வது பொருந்தாது. அப்பெரியவர்களின் ஆதரவு இல்லையேல் தமிழில் சித்திரக்கதைப் பதிப்பு முற்றிலும் அற்றுப்போயிருக்கக்கூடும். 1947இல் தொடங்கித் தலைமுறைகள் பலவற்றை வளர்த்த அம்புலிமாமா இன்று வெளிவருவதில்லை. அதனை நேசித்தோர் பலராயினும் அந்நேசம் அவ்விதழை நிலைநிறுத்தவில்லை. ஆதலின் நினைவேக்கம் ஒரு பதிப்பு மரபைக் காத்தது என்பது முதற்கண் ஏற்கத்தக்கது.

எனினும் மறுபதிப்பை வாங்கும் வாசகர், சிறுதேரைக் கையால் இழுத்து மகிழும் குறுந்தொகைச் சிறுவரின் நிலையில் இல்லை. அவர்களுக்குத் தேரில் ஏற இயலாமை ஒரு குறையாகத் தோன்றவில்லை. சேகரிப்பாளரோ ஏறிச் செல்லவே விழைகிறார். பழைய அட்டை, பழைய வரிசை எண், பழைய தலைப்பு ஆகியவற்றில் அவர் கொள்ளும் பிடிவாதம், பருவத்தையே மீட்கும் விழைவின் வெளிப்பாடு. தொடித்தலை விழுத்தண்டினார் இறந்ததாகக் கொண்டு பாடியதை, இவர் விற்பனைக்கு உள்ளதாகக் கருத நேர்கிறது.

நினைவில் இடம்பெறாத சிறார்

இவ்வேக்கத்தின் பெருங்குறை, ‘நம் சிறுவயது’ என்னும் தொடரில் உள்ள ‘நம்’ என்பதை ஆராயாமையே. சித்திரக்கதையை வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ கையில் காசும், அதைப் படிக்க எழுத்தறிவும், யாவற்றுக்கும் மேலாக ஓய்வும் தேவைப்பட்டன. இம்மூன்றும் எல்லாச் சிறார்க்கும் வாய்க்கவில்லை.

சிவகாசியே இதற்குச் சான்று. சித்திரக்கதைகளை அச்சிட்ட அந்நகர், தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் பெயர் பெற்றது. அத்தொழில்களில் சிறுவர் சிறுமியர் உழைத்தமை பொதுமக்கள் அறிந்த வரலாறு. குழந்தைத் தொழிலாளர் தடைச் சட்டம் 1986இல் இயற்றப்பட்டது. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிற்சாலைகளின் சிறார் குறித்த வழக்கில் உச்சநீதிமன்றம் 1996இல் தீர்ப்பு வழங்கியது. சித்திரக்கதையின் பொற்காலம் என நினைவுகூரப்படும் ஆண்டுகளும் இவையே. ஒரு சிறுவன் ஆசையோடு சேர்த்த தீப்பெட்டிப் படம், அவன் வயதையொத்த சிறுமி ஒருத்தி ஒட்டியதாகவும் இருந்திருக்கலாம். அவளுக்கும் சிறுவயது உண்டு. ஆனால் அது மறுபதிப்புக்குரிய பொருள் எதையும் விட்டுச்செல்லவில்லை. பொருளைப் பற்றி நிற்கும் நினைவு, பொருளற்றோரின் நினைவை இயல்பாகவே விட்டுவிடுகிறது. இது சேகரிப்பாளரின் குற்றமன்று. ஆயின், அவர் நினைவையே அக்காலத்தின் வரலாறாக ஆய்வாளர் ஏற்றுக்கொண்டால் அது பிழையாகும்.

முடிவுரை

விலக்கப்பட்டோருள் இன்றைய சிறாரும் அடங்குவர். பெரியவரின் விருப்பத்திற்கேற்ப அளவும் தாளும் விலையும் அமைந்த ஒரு வடிவத்துள், தன் கைக்காசில் வாங்கும் பத்து வயதுச் சிறுவனுக்கு இடம் குறைவு. இன்றைய சிறார் படிப்பதில்லை என்னும் குற்றச்சாட்டு, அவர்களுக்காக என்ன பதிப்பிக்கப்படுகிறது என்னும் வினாவுக்குப் பின்னரே எழ வேண்டும்.

நினைவேக்கத்தைக் கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் முடிபன்று. நற்றிணையின் புன்னை அதற்கு வேறொரு வழி காட்டுகிறது. அவ்விளையாட்டுப் பொருளைச் சிறுமியர் பேழையில் வைத்துக் காக்கவில்லை. நெய்யும் பாலும் பெய்து வளரவிட்டனர். தனியார் அலமாரிகளில் உள்ள பழைய இதழ்கள் பொது ஆய்வு நூலகங்களை அடைதல், பெயர் அறியப்படாத மொழிபெயர்ப்பாளர்களின் பணி பதிவாதல், எளிய தாளில் குறைந்த விலையில் சிறார் பதிப்புகள் வெளிவருதல், இதழ் வாங்க இயலாத சிறாரின் வாய்மொழி நினைவுகள் தொகுக்கப்படுதல் ஆகியன அத்தகைய வளர்ப்புப் பணிகள். இவற்றுக்கு வேண்டிய ஈடுபாடும் பொருளும் இன்று நினைவேக்கம் கொண்ட அப்பெரியவர்களிடமே உள்ளன.