நகரக் கூடாத கப்பல்

கப்பல் என்றால் போக வேண்டும், வர வேண்டும். நான்டக்கெட் விளக்குக் கப்பலுக்கோ நின்ற இடத்தில் நிற்பதே உத்தியோகமாக இருந்தது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் கரைக்கு அப்பால் உள்ள நான்டக்கெட் தீவின் தெற்கே, கலங்கரை விளக்கம் கட்ட இடம் கொடுக்காத மணல் திட்டுகள் பரந்து கிடக்கின்றன. 1854இல் அங்கே முதல் விளக்குக் கப்பலை நிறுத்தினார்கள்.

இவ்வகைக் கப்பல்களின் விலாவில் ஆள் உயரத்துக்கு எழுதப்படுவது பெரும்பாலும் காவல் நிற்கும் இடத்தின் பெயர்தான். வேறு இடத்துக்கு மாற்றினால் பழையதை அழித்துவிட்டுப் புதுப் பெயர் தீட்டுவார்கள். நங்கூரம் காளான் வடிவம். அலை எந்தப் பக்கம் இழுத்தாலும் மணலில் புதைந்து பிடித்துக்கொள்ளும்.

ஆனால் நான் மயங்குவது விளக்கில். ஒற்றை விளக்கைப் பாய்மரத்தில் கட்டினால் ஒரு பக்கத்தை மரமே மறைத்துவிடும். அதனால் கூண்டையே வளையமாக்கி மரத்தைச் சுற்றி மாட்டி, உள்ளே எட்டு எண்ணெய் விளக்குகளை வைத்தார்கள். பகலில் கூண்டு கீழே இறங்கும். திரி கத்தரித்து, கண்ணாடி துடைத்து, அந்தியில் மறுபடி மேலே ஏற்றுவார்கள். பனிமூட்டம் வந்துவிட்டால் கையால் மணி அடிக்க வேண்டும். அதில் தூக்கம் ஏது?

மிஞ்சிய பொழுதில் மாலுமிகள் கூடை முடைந்தார்கள். மர அச்சைக் கவிழ்த்து, வட்டப் பலகை அடியின் விளிம்பில் வெட்டிய காடியில் மெல்லிய மரச் சிம்புகளைச் செருகி, பிரம்பை இழைத்து இழைத்து மேலேற்றுவார்கள். அளவு அளவாக, அடுக்குப் பாத்திரம் போல ஒன்றுக்குள் ஒன்று அடங்கும். ஆடும் கப்பலில் உட்கார்ந்து செய்த வேலையா இது என்று கேட்கத் தோன்றும், இழை அத்தனை சீர். இன்று சேகரிப்பவர்கள் நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். கொடுக்கட்டும், தகும்.

விளக்கோடும் மணியோடும் பின்னாளில் வானொலிச் சைகையும் சேர்ந்தது. அதைக் குறிவைத்து வந்த கப்பல்கள் விளக்குக் கப்பலையே மோதும் அபாயமும் கூடவே வந்தது. 1934 மே 15 அன்று பனிமூட்டத்தில் ஒலிம்பிக் என்ற பெருங்கப்பல், டைட்டானிக்கின் சகோதரிதான், நேரே வந்து இடித்தது. விளக்குக் கப்பலில் இருந்த பதினொருவரில் எழுவர் மாண்டனர். பிரிட்டன் கொடுத்த இழப்பீட்டில் 1936இல் கட்டிய அடுத்த கப்பலுக்கு இரட்டை உடல் வைத்து, உள்ளே நீர் புகாத அறைகளாகத் தடுத்தார்கள்.