எது கிடைக்காது என்றும் எழுதுங்கள்

ஈழத்து நூல்களைச் சேகரித்து 2005 முதல் இயங்கிவரும் ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் ஒரு புத்தகத்தின் பக்கத்தைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு சிறு பட்டியல்: நூலக எண், ஆசிரியர், மொழி, வெளியீட்டாளர், வெளியீட்டாண்டு, பக்கங்கள். அலங்காரம் எதுவும் இல்லை. செயற்கை நுண்ணறிவு முகவர்களுக்கான கருவிக் குறிப்புகளிலும் இந்தச் சிக்கனத்தையே நான் ரசிக்கிறேன். முகவர்களைக் கருவிகளோடு இணைக்க 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட எம்சிபி (MCP) நெறிமுறையில் ஒரு கருவி தன் பெயர், விளக்கம், உள்ளீட்டு வடிவம் ஆகியவற்றால்தான் முக்கியமாக முகவருக்கு அறிமுகமாகிறது. எதை, எப்போது அழைப்பது என்பதை அந்த வரிகளை வாசித்தே முகவர் முடிவுசெய்கிறது.

பழைய நூல்களைத் தேடும் கருவி ஒன்றை வைத்துக்கொள்வோம். ‘நூல்களைத் தேடும்’ என்றால் போதாதா, முகவர்களை இயக்கும் இவ்வளவு கெட்டிக்கார மொழி மாதிரிகளுக்கு மிச்சம் புரியாதா என்று கேட்கலாம். ஆறுமுக நாவலரின் பாலபாடம் பலமுறை மறுபதிப்பானது. அதற்குக் கருவி தரும் ‘ஆண்டு’ முதற்பதிப்பினதா, கையிலுள்ள பிரதியினதா? நூலகரென்றால் திருப்பிக் கேட்பார். முகவரோ பெரும்பாலும் ஊகித்துக்கொண்டு மேலே போய்விடும். கெட்டிக்காரத்தனம் கூடக்கூட அந்த ஊகம் நம்பும்படியாகவும் இருக்கும், அதுதான் வில்லங்கம். அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதுவதும் பிழை. ஒவ்வொரு சொல்லும் மாதிரி ஒரே நேரத்தில் பார்க்கக்கூடிய சூழல் சாளரத்தில் இடம் பிடிக்கும். ‘தலைப்பிலும் ஆசிரியர் பெயரிலும் மட்டும் தேடும்; நூலின் உட்பக்கங்களில் தேடாது; ஆண்டு, பிரதியில் அச்சிட்டபடி; கிடைக்காவிட்டால் வெற்றுப் பட்டியல் வரும்.’ இந்த நாலு வரியை எழுதாத கருவி இன்னும் முடியாத கருவி.