தள்ளும் உருளையா, வெயில் ஏற்றிய பேட்டரியா?

சிங்கப்பூரில் புல் வளராத மாதம் என்று ஒன்று இல்லை. ஆண்டுக்குச் சராசரியாக 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை, பன்னிரண்டு மாதமும் வெயில். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடிகளைச் சுற்றியும் சாலையோரங்களிலும் புல்லை வெட்டுவோர் பெரும்பாலும் வெளிநாட்டு ஊழியர்கள். கையில் பெட்ரோல் எந்திரம், முகத்துக்கு நேரே புகை. இதற்கு மாற்றாகக் கையால் தள்ளும் உருளைப் புல்வெட்டியையும் சூரிய ஒளியில் சார்ஜ் ஏற்றும் பேட்டரி எந்திரத்தையும் பலர் பரிந்துரைக்கிறார்கள்.

உருளைப் புல்வெட்டியை 1830இல் இங்கிலாந்தின் எட்வின் பட்டிங் உருவாக்கினார். ஆலையில் கம்பளித் துணியின் மேற்பரப்பைச் சீவும் கருவியே அதற்கு முன்மாதிரி. சுழலும் கத்திகள் கீழ்த்தகட்டோடு உரசிக் கத்தரிக்கோல் போல வெட்டுவதால் புல்லின் நுனி கிழியாது. கோல்ஃப் திடல்களில் இன்றும் உருளைக் கத்திகள்தாம்.

ஆனால் இங்கே இரண்டு வாரம் விட்டால் புல் தண்டு நீட்டிவிடும். நீண்ட தண்டு உருளைக்கு அடியில் மடங்கி, கடந்ததும் நிமிர்ந்துகொள்ளும். ஈரப்புல்லில் சக்கரம் வழுக்கும். தரைவீட்டின் சிறு முற்றத்துக்கு, அடிக்கடி தள்ள ஆளிருந்தால், இதைவிடச் சிக்கனமான கருவி இல்லை. பூங்கா அளவுக்குப் போனால் பெட்ரோலின் வேலை ஊழியரின் தோளுக்கு மாறுகிறது, அவ்வளவுதான். வெப்ப அழுத்தக் குறியீடு 32 டிகிரியை எட்டினால் கடும் உழைப்புக்கு மணிக்கு 10 நிமிட ஓய்வு தரவேண்டும் என்று 2023இல் மனிதவள அமைச்சு அறிவித்த ஊரில், அதைப் பசுமை என்று அழைப்பது நியாயமில்லை.

பேட்டரி எந்திரம் புகையை நிறுத்தும், இரைச்சலையும் குறைக்கும். மின்கணக்கும் சாதகமானதே: 100 வாட் சூரியத் தகடு, இழப்புகள் போக, நாளுக்குச் சுமார் 300 வாட்-மணி தரும். 40 வோல்ட், 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்குத் தேவை 200. சிக்கல் நேரத்தில் இருக்கிறது. வெயில் அடிக்கும்போது பேட்டரி ஊழியரோடு திடலில் இருக்கும். கிடங்குக்குத் திரும்பும்போது இருட்டத் தொடங்கிவிடும். இரவில் ஏற்றும் மின்சாரம் பெரும்பாலும் இயற்கை எரிவாயுவிலிருந்து வருவது. ஆகவே ஒவ்வோர் எந்திரத்துக்கும் மாற்றுப் பேட்டரி வாங்கித் தகட்டடியில் வைத்தாலொழிய, ‘சூரிய சக்தி’ என்ற சொல் விளம்பரத்தோடு நின்றுவிடும். லிதியம் பேட்டரியை வெயிலில் நிற்கும் லாரியில் போட்டுவைத்தால் ஆயுளும் தேயும்.

இவ்வளவு குறை இருந்தும் பொது இடங்களுக்குப் பேட்டரியே தகும். முதலில் பயனடைவது அந்தப் புகையை மூச்சில் இழுத்தவர். மாற்றுப் பேட்டரியின் செலவைப் புல்வெட்டும் குத்தகைத் தொகையிலேயே சேர்க்கவேண்டும். விலை குறைவு என்பதற்காக மட்டும் பழைய எந்திரத்தோடு வருபவருக்கு வேலையைக் கொடுத்தால் எதுவும் மாறாது.

வெட்டும் பரப்பையும் குறைக்கலாம். 2020 கொவிட்-19 நோய்ப்பரவல் முறியடிப்புக் காலத்தில் புல் வெட்டுவது நின்றபோது காட்டுப்பூக்கள் மலர்ந்தன, பட்டாம்பூச்சிகள் வந்தன. அதன்பின் தேசியப் பூங்காக் கழகம் சில இடங்களை அப்படியே வளரவிட்டது.