ஷோன்பெர்க் ஆவணங்களும் வியன்னா அறக்கட்டளையும்

ஆர்னால்ட் ஷோன்பெர்க் (செப்டம்பர் 13, 1874 – ஜூலை 13, 1951) வியன்னாவில் பிறந்து லாஸ் ஏஞ்சலீஸில் மறைந்த இசையமைப்பாளர். பன்னிரண்டு சுர முறையை உருவாக்கியவர். அவரது கையெழுத்துப் பிரதிகள், கடிதங்கள், ஓவியங்கள், சொந்த நூலகம் ஆகியவை இன்று வியன்னாவிலுள்ள ஆர்னால்ட் ஷோன்பெர்க் மையத்தில் உள்ளன.

அவருடைய முதல் ஆவணக் காப்பாளர் அவரேதான். எழுதிய கடிதங்களுக்கு நகல் வைத்துக்கொள்ளும் பழக்கம் அவருக்கு இருந்தது. நாஜிகள் ஆட்சிக்கு வந்ததும் 1933இல் பெர்லின் பதவியை இழந்து அமெரிக்கா சென்றார். 1944இல், எழுபது வயதில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்றபோது கிடைத்த ஓய்வூதியம் குடும்பம் நடத்தப் போதவில்லை. ‘மோசஸும் ஆரோனும்’ ஓபெராவை முடிப்பதற்காக 1945இல் குகன்ஹெய்ம் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். மறுக்கப்பட்டது. மூன்றாம் அங்கத்துக்கு இசை எழுதப்படவே இல்லை. நிதி கிடைத்திருந்தால் முடித்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாதுதான். 1932 முதல் நின்றுபோயிருந்த வேலை அது. ஆனாலும் அந்த அரைகுறைத் தாள்களைப் பேணுவதற்கு இன்று ஓர் அறக்கட்டளை இருக்கிறது, எழுதி முடிப்பதற்கு அன்று ஒன்றும் இருக்கவில்லை.

அவர் மறைவுக்குப்பின் வாரிசுகள் ஆவணங்களைத் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். அதற்கெனக் கட்டப்பட்ட நிலையம் 1977இல் திறக்கப்பட்டது. பின்னாளில் அக்கட்டடத்தை வேறு பணிகளுக்கும் பயன்படுத்தப் பல்கலைக்கழகம் விரும்ப, வாரிசுகள் மறுக்க, 1996இல் அது வழக்காக வளர்ந்தது. இடப் பற்றாக்குறை உள்ள பல்கலைக்கழகத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. ஆனால் ஒருவரது பெயருக்காக ஏற்றுக்கொண்ட கட்டடம் சாதாரண வகுப்பறையாகும்போது, அங்கே ஆவணம் விருந்தாளி ஆகிவிடுகிறது. 1997இல் வியன்னா நகராட்சியும் பன்னாட்டு ஷோன்பெர்க் கழகமும் சேர்ந்து தனி அறக்கட்டளை ஒன்றை நிறுவின. 1998இல் மையம் திறக்கப்பட்டது. 1913இல் அவர் நடத்திய கச்சேரி கைகலப்பில் முடிந்த அதே நகரம்!

மையத்தின் பெரிய சாதனை அங்கு மீட்டமைக்கப்பட்டுள்ள லாஸ் ஏஞ்சலீஸ் வேலை அறை அல்ல. அது பார்வையாளர்களுக்கானது, அவ்வளவே. கையெழுத்துப் பிரதிகளை மின்படிகளாக்கி, எந்த ஊர் மாணவரும் கட்டணமின்றிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்ததே சாதனை. அடித்தலையும் திருத்தலையும் நேரில் காணும் மாணவருக்கு, ஷோன்பெர்க் வெறும் கணக்குப் போட்டு இசையமைத்தவர் என்ற பழைய குற்றச்சாட்டைத் தாமே சோதித்துப் பார்க்க முடிகிறது. 2011இல் இத்தொகுப்பு யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டது.

குறை ஒன்று 2025 ஜனவரியில் தெரியவந்தது. லாஸ் ஏஞ்சலீஸ் காட்டுத்தீயில், குடும்பத்தினர் நடத்தும் பெல்மான்ட் இசைப் பதிப்பகத்தின் இருப்பு முழுவதும் எரிந்தது. ஏறத்தாழ 1,00,000 இசைத்தாள்கள் அழிந்ததாகச் செய்திகள் கூறின. மூலப் பிரதிகள் வியன்னாவில் இருந்ததால் தப்பின. ஆனால் இசைக்குழுக்கள் மூலப் பிரதியை வைத்து வாசிப்பதில்லை. ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே பிரித்து எழுதி, பிழை நீக்கிய தாள்கள் அவர்களுக்கு வேண்டும். எரிந்தவை அவைதான். கலைஞன் கைபட்ட தாளே பொக்கிஷம், வாசிப்போர் கைக்குப் போகும் தாள் வணிகச் சரக்கு என்ற பிரிவினை ஆவணக் காப்பகங்களில் வழக்கமானது. நூறு பேர் சேர்ந்து வாசித்தால் மட்டுமே கேட்கக்கூடிய இசைக்கு அது பொருந்தவில்லை.