பழைய பாட்டும் மூன்று வாத்தியமும்

ஆண்டுதோறும் ஆஷாட யாத்திரையின்போது ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் செல்லும் ஞானேசுவரர் பல்லக்கு, நம் விஷ்ராந்த்வாடி வழியாகவே புனே நகருக்குள் நுழைகிறது. சாலையோரம் நின்று நாம் கேட்பவை பெரும்பாலும் நூற்றாண்டுகள் கண்ட அபங்கங்கள். அவற்றைப் பழைய பாட்டென்று எவரும் ஒதுக்குவதில்லை. இந்தத் திண்டியார் எப்படிப் பாடுகின்றனர், அடுத்து வருவோர் எப்படிப் பாடுகின்றனர் என்பதிலேயே நம் செவி செல்கிறது. இந்த நியாயத்தை ஜாஸ் இசைக்கு மட்டும் வழங்க நாம் தயங்குவது ஏனோ? கித்தார் முன்செல்ல, டபிள் பேஸும் டிரம்மும் உடன்வர, ஊரறிந்த பாடல்களையே வாசிக்கும் மூவர் குழுக்களைப் பற்றி நம்மவர் சொல்லும் குறை ஒன்றே: "அமெரிக்கன் போட்ட மெட்டுத்தானே, இவர்களுடைய சொந்தச் சரக்கு எங்கே?"

இக்குறை பொருந்துமாயின், கார்ல்ட்டன் கிட்டோவுக்கே முதலில் பொருந்த வேண்டும். பெங்களூரில் பிறந்து, 1970களில் கல்கத்தாவில் குடியேறி, பார்க் வீதியில் வாசித்து, பல மாணவர்க்குக் கற்பித்து, 2016இல் மறைந்த ஆங்கிலோ-இந்தியக் கித்தார் கலைஞர் அவர். சார்லி கிறிஸ்டியன், வெஸ் மாண்ட்கோமரி ஆகியோரின் வழியைப் பற்றியவர். பிறர் பாடல்களையே பெரிதும் வாசித்தவர். அதனால் என்ன? செம்மங்குடியாரிடம் சென்று, "தியாகையர் கிருதி இருக்கட்டும், உம்முடையது எங்கே?" என்று நாம் கேட்டதுண்டோ?

அமெரிக்கன் பாட்டு என்பதும் அரை உண்மையே. அப்பாடல்களை யாத்தவருள் இர்விங் பெர்லின் சிறுவயதில் ருஷ்யப் பேரரசிலிருந்து வந்து குடியேறியவர். ஜார்ஜ் கெர்ஷ்வினின் பெற்றோரும் அங்கிருந்து வந்த யூதர்களே. நாடக மேடைக்கும் சினிமாவுக்கும் பிழைப்பின்பொருட்டு எழுதப்பட்ட மெட்டுகளைக் கறுப்பின வித்வான்கள் எடுத்து வேறொன்றாக்கினர். வந்தேறிகள் எழுத, அடிமைகளின் வழிவந்தோர் ஆளாக்கிய பாட்டுக்கு யார் பட்டா எழுதிக்கொள்வது?

ஓர் உதாரணம் காட்டுவோம். 'ஸ்விங் டைம்' என்னும் 1936ஆம் ஆண்டுத் திரைப்படத்திற்காக ஜெரோம் கெர்ன் மெட்டமைத்து, ஃபிரெட் அஸ்டேர் பாடிய பாடல் 'தி வே யூ லுக் டுநைட்'. சினிமாப் பாட்டுத்தான், அவ்வாண்டு ஆஸ்கர் பரிசும் பெற்றது. இன்று நம் தமிழர் பெருந்தொகையாக வாழும் டொராண்டோ நகரில், ஓர் இரவு விடுதியில், 1975ஆம் ஆண்டு ஜிம் ஹால் இதனை வாசித்தார். டான் தாம்ப்ஸன் பேஸ், டெர்ரி கிளார்க் டிரம். அன்றைய பதிவு இசைத்தட்டாகவும் வெளிவந்தது.

பியானோ இல்லாத இத்தகைய குழுவில் மெட்டையும் சுர அடுக்குகளையும் கித்தார் ஒன்றே சுமக்க வேண்டும். அதன் தந்தியோ, மீட்டிய கணமே தேயத் தொடங்கும் இயல்புடையது. வயலினைப் போலவோ நாகசுரத்தைப் போலவோ நீட்டி நிறுத்த இயலாது. இக்குறையை விரல் வேகத்தால் மூடுவோர் பலர். ஹால் அதை மூடுவதில்லை. நான்கு சுரங்கள் சொல்லிவிட்டு விலகி நிற்கிறார். அவ்விடைவெளியில் மற்ற இருவரும் பேசுகின்றனர். பாட்டு நமக்கு முன்பே தெரிந்திருப்பதால், அவர் சொல்லாது விட்டதையும் நம் மனம் பாடிக்கொள்கிறது. பாட்டு தெரியாதவனுக்கு இந்த மௌனம் வெறும் மௌனமே.

இதனை இராக ஆலாபனையோடு ஒப்பிடுவது நம்மவர் வழக்கம். நாமும் ஒருகாலத்தில் அப்படி எழுதியதுண்டு. அது பிழை. இங்கே விரிக்கப்படுவது இராகம் அன்று; பாட்டின் அடியில் ஓடும் சுர அடுக்குகளின் வரிசை. பெரும்பாலான பாடல்களில் அது 32 அளவுகளில் முடிந்து, மீண்டும் முதலிலிருந்து சுழலும். மேலே மெட்டு உருத்தெரியாமல் மாறினும் அச்சுழற்சி நிற்பதில்லை. கமகத்தைத் தேடி ஏமாறுவோர் இதைக் கவனியாமற் போகின்றனர்.

இக்குழுக்கள் யாவும் சிறந்தவை என்று நாம் வாதாடவில்லை. ஓட்டல் விருந்துக்குத் தூபம் போடுவதுபோல், எவரையும் தொந்தரவு செய்யாமல் வாசித்துப் போகும் மூவரும் உளர். அவர்களைக் கேட்டே பலர் இவ்விசையை வெறுத்தனர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

அஸ்டேர் பாடியதை இரண்டு மூன்று முறை கேட்டு முணுமுணுக்கும் அளவுக்குப் பழகிய பின், ஹாலின் பதிவை வீட்டில் போட்டுப் பாருங்கள். பிள்ளைகளும் உடனிருக்கட்டும். நடுவிலே, "பாட்டு எங்கே போயிற்று?" என்று அவர்கள் கேட்டால், டபிள் பேஸைக் கவனிக்கச் சொல்லுங்கள்.