மேடானில் ஒரு வட்டிக்கடை

ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' நாவலைப் பல வருஷங்கள் தொடாமலே வைத்திருந்தேன். வட்டிக்கடைக்காரர் கதையில் நமக்கென்ன ரசம் என்று ஓர் அலட்சியம். போன கார்த்திகை தீபத்தன்று, திருவண்ணாமலையில் எங்கள் வீட்டுக் கூடமெல்லாம் வெளியூர் உறவினர் படுத்துவிட, மொட்டை மாடி விளக்கடியில் அதைப் பிரித்தேன். மூடும்போது விடிந்திருந்தது.

சிங்காரம் 1938-ல் சுமத்ராவின் மேடான் நகருக்குப் பிழைக்கப் போனவர். பெட்டியடி, ஐந்தொகை, மேலாள், அடுத்தாள் எல்லாம் அவர் கண்ட வாழ்வு. அங்கே ஒருவனுக்குச் சொந்தம் ஒரு தகரப் பெட்டி. வீடும் வயலும் கடலுக்கு இக்கரையில். மூன்று வருஷக் கணக்கு முடிந்தால் கப்பலேறலாம். 1942-ல் ஜப்பானியர் வந்தார்கள். கப்பல் நின்றது, தபாலும் நின்றது. 1945-ல் அவர்கள் தோற்றார்கள்; பெட்டியிலிருந்த ஜப்பான் நோட்டு மதிப்பிழந்தது. இடையில் பினாங்குக்குப் போகச் சரக்கேற்றும் தொங்கான்தான். புயலில் அது தத்தளிக்கும் பக்கங்களைப் போல் ஒரு கடற்பயணத்தை நான் தமிழில் படித்ததில்லை.

குறையும் உண்டு. பாண்டியன் குடித்துவிட்டு இலக்கியம் பேச ஆரம்பித்தால் ஆசிரியருக்கு நிறுத்த மனம் வருவதில்லை. (நமக்குத் தெரிந்த எழுத்தாளர்கள் சிலரும் அப்படித்தான்!)

'கடலுக்கு அப்பால்' 1959-ல் வந்தது, இது 1972-ல். 1997-ல் அவர் காலமாகும்வரை மூன்றாவது நாவல் வெளிவரவில்லை. யாருக்காக எழுதுவார்? என் அலமாரியில் பிரிக்காமலே கிடந்ததே ஒரு பிரதி.