வாரத்துக்கு எத்தனை நாள்?

வயதுவந்தோர் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதல். வீட்டுவேலையையும் உடலியக்கம் என்றே அது ஏற்கிறது. இந்தத் தாராளம்தான் எனக்கு உறுத்துகிறது.

இந்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டுவேலை செய்யும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண் 97. எண்ணை மட்டும் பார்த்தால், வாரத்துக்குச் சொன்னதை அவள் ஒரே நாளில் முடித்துவிடுகிறாள். "நாள்பூராம் வேலைதானே பாக்குற, தனியா நடை எதுக்கு?" என்று கேட்கும் வீட்டுக்கு இது வசதியான சாட்சி. நிலக்கோட்டையில் விடியலில் மல்லிகை பறிப்பவளின் முதுகுவலியைக்கூட ஆரோக்கியக் கணக்கில் எழுதிவிடலாம்.

நான் திண்டுக்கல்லில் வாரம் மூன்று நாள், ஐம்பது நிமிடம் நடக்கிறேன். ஐந்து நாள் என்றுதான் தொடங்கினேன். மற்ற இரண்டு நாளும் காலையில் அடுப்பைப் பற்றவைக்க வீட்டில் வேறு கை எழவில்லை. வழிகாட்டுதல் நிமிடங்களை எண்ணுகிறது. அவை யாருடையவை என்று கேட்பதில்லை. எத்தனை நாள் நடப்பது என்று முடிவுசெய்யும் முன், அந்தக் காலைகளில் சமைப்பது யார் என்று வீட்டில் பேசி முடிவுசெய்யுங்கள்.